வைரத்துக்கு ஒரு சட்டை

1771 ஆகஸ்ட் மாதம். பாரிஸ் நகரத்து நகைக்காரர் லெ பிளாங்க், தன் சொந்த வைரம் ஒன்றை வேதியியலாளர்களின் உலையில் வைக்கத் தாமாகவே முன்வந்தார். கடும் தீயில் வைரம் காணாமல் போகிறது என்று அறிஞர்கள் சில ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். லெ பிளாங்க் அதை நம்பவில்லை. கறையுள்ள கல்லைத் தீயில் வைத்துத் தெளிவிப்பது அவருக்குப் பழகிய வேலை. ஒரு கல்லும் அப்படிப் போனதில்லை. சுண்ணமும் கரித்தூளும் கலந்த பொடியை மூசையில் கொட்டி, நடுவில் கல்லைப் புதைத்து நெருப்பில் ஏற்றினார். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் பொடி இருந்தது, வைரத்தைக் காணோம்.

அறிஞர்கள் பக்கம் ஒரே உற்சாகம். ஆனால் நகைக்காரர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. மையார் என்ற இன்னொருவர் மூன்று வைரங்களோடு வந்தார். புகையிலை பிடிக்கும் களிமண் குழாய் ஒன்றின் கிண்ணத்தில் கரித்தூளை இறுக அடைத்து, அதற்குள் மூன்று கற்களையும் புதைத்தார். கிண்ணத்தின் வாயை மூடி, இடுக்கு தெரியாமல் பூசினார். அதை ஒரு மூசைக்குள் வைத்து, மேலே இன்னொரு மூசையைக் கவிழ்த்து மறுபடியும் பூசினார். புடம்போடுவதற்கு முன் அகலின் வாயைச் சித்த மருத்துவர் சீலைமண்ணால் அடைப்பாரே, ஏறக்குறைய அந்தக் கைவேலைதான். மக்கேர் என்ற வேதியியலாளரின் உலை, மூசையே இளகும் அளவுக்கு மணிக்கணக்கில் கனன்றது. ஆறிய பிறகு உடைத்துப் பார்த்தார்கள். கரித்தூள் கறுப்பு மாறாமல் இருந்தது. அதன் நடுவே மூன்று வைரங்களும் வைத்தபடியே கிடந்தன.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் லவாய்சியரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

இரண்டு நகைக்காரர்களும் நம்பியது ஒரே வித்தையைத்தான். ஒருவர் அடைத்தது சரியாக அடைபடவில்லை, இன்னொருவருடையது அடைபட்டது. ஏன் அப்படி என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. காற்று என்றால் என்ன, எரிவது என்றால் என்ன என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியாது. ஆனாலும் வைரத்தைத் தீயிலிருந்து காப்பாற்ற இன்றைய தொழிற்சாலைகள் பூசும் பீங்கான் மேற்பூச்சுகளின் மூலக்கருத்து அந்தப் புகையிலைக் குழாய்க்குள் இருந்தது.

வெல்ல முடியாத கல்

வைரத்தின் கிரேக்கப் பெயரான 'அடமாஸ்' என்பதற்கே வெல்ல முடியாதது என்றுதான் பொருள். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியர் பிளினி, அதைத் தீயால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் ஆட்டுக்கடா இரத்தத்துக்கு மட்டும் அது அடங்கும் என்றும் எழுதிவைத்தார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைகளைச் சொல்லும்போது வைரத்துக்கு ஆகாத குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. காகபாதம், களங்கம் என்று போகும் அந்த வரிசையில் தீ பட்ட குற்றம் என்று எதுவும் இல்லை. வைரம் எரியக்கூடியது என்ற எண்ணமே எழாத உலகம் அது.

அந்த எண்ணத்தை உடைத்தது இத்தாலியின் வெயில். 1694-95-இல் ஃபுளோரன்ஸ் நகரில், டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சியின் ஆதரவில், ஜுசெப்பே அவெரானியும் சிப்ரியானோ தர்ஜியோனியும் ஒரு பெரிய கண்ணாடி வில்லையை வெயிலில் நிறுத்தி ரத்தினங்களை ஒவ்வொன்றாக அதன் குவியத்தில் வைத்துப் பார்த்தார்கள். டிரெஸ்டன் நகரத்துக் கைவினைஞர் பிரெகான்ஸ் செய்த வில்லை அது. மாணிக்கம் தாக்குப்பிடித்தது. வைரம் சிறுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆனது. சாம்பல்கூட மிஞ்சவில்லை.

அங்கே எரிந்த வைரங்கள் எந்த ஊர்க் கற்கள்? பிரேசிலில் வைரம் வெளிப்பட்டது 1720-களில்தான். அதுவரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியா, போர்னியோவிலிருந்து கொஞ்சம். ஆகவே ஃபுளோரன்ஸில் வெயிலுக்குப் பலியான கல் கிருஷ்ணா நதிக்கரைச் சரளை மண்ணிலிருந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். மெடிச்சிகளின் துறைமுகமான லிவோர்னோ பவளத்துக்குப் பேர்போனது. மத்தியதரைக் கடலில் எடுத்த பவளம் அங்கே சேர்ந்து, யூத வணிகர்கள் வழியாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. திரும்பிய கப்பலில் வைரம் போனது. பவளத்துக்கு வைரம் என்ற அந்தப் பண்டமாற்றின் நினைவாகச் சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.

அந்த நாட்களின் இன்னொரு சென்னைச் சங்கதியும் இந்தக் கதையோடு சேரும். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், 1702-இல் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். இங்கிலாந்தில் பட்டை தீட்டப்பட்ட அந்தக் கல்லை 1717-இல் பிரான்சின் ஆர்லியன் கோமகன் வாங்கினார். அவர் அப்போது அரசப் பிரதிநிதியாக இருந்ததால் கல்லுக்கு 'ரீஜெண்ட்' என்று பெயராயிற்று. இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே கோமகனிடம் சிர்ன்ஹவுஸ் என்பவர் செய்த மாபெரும் எரிவில்லை ஒன்றும் இருந்தது. அதை வைத்து உலோகங்களை உருக்கிப் பார்த்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஹோம்பெர்க், 1702-இல் வெங்காரத்திலிருந்து ஒரு புது உப்பைப் பிரித்தெடுத்தார். இன்று அதற்குப் பெயர் போரிக் அமிலம். வைரத்தை எரிக்கும் கருவியும் எரியாமல் காக்கப்போகும் மருந்தும் ஒருவர் கையிலேயே இருந்தன. அந்த உறவு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சக்கரவர்த்தியின் நட்டம்

வியன்னாவில் முதலாம் ஃபிரான்ஸ் சக்கரவர்த்திக்கு வேறொரு ஆசை. சின்னச் சின்ன வைரங்களை உருக்கிச் சேர்த்துப் பெரிய வைரமாக்க வேண்டும். 1751-ஐ ஒட்டி, சில ஆயிரம் ஃபுளோரின் மதிப்புள்ள வைரங்களையும் மாணிக்கங்களையும் ஒரு நாள் முழுக்க உலையில் வைக்கச் சொன்னார் என்பது அந்தக் கதை. மாணிக்கங்கள் முன்னைவிட மினுங்கிக்கொண்டு வெளியே வந்தன. வைரங்கள் இருந்த இடம் காலி.

பீங்கான் உலைகளோடு பழகியவரான ழான் தார்சே, 1760-களில் இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார். வைரத்தைப் பீங்கான் மாவு உருண்டைக்குள் வைத்து மூடிச் சுட்டார். உருண்டை பீங்கானாக வெந்தது. உள்ளே வைரம் இருந்த பள்ளம் மட்டும் மிஞ்சியது. மூடிய உருண்டைக்குள்ளிருந்தே மறைகிறது என்றால் வைரம் எரியவில்லை, கற்பூரம்போல ஆவியாகிறது என்று பலருக்குத் தோன்றியது. வைரத்துக்குப் போட்ட முதல் பீங்கான் உறை என்று இந்த உருண்டையைச் சொல்லலாம். அது பயன்படாமல் போனதற்குக் காரணம் இன்று சுலபமாகப் புரிகிறது. மாவு காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். கண்ணாடிபோல இறுகும் வரை அதன் துளைகள் வழியே காற்று போய்வரும். ஒரு காரட் என்பது 0.2 கிராம். அவ்வளவு வைரம் முழுதாக எரிய ஏறக்குறைய 2 லிட்டர் காற்று போதும். மணிக்கணக்காக எரியும் உலையில் நுண்ணிய விரிசல் வழியாக அவ்வளவு காற்று உள்ளே போவது பெரிய காரியமில்லை.

1771 ஜூலையில் மக்கேர் தன் உலைக்குள் ஒரு வைரத்தை வைத்து உற்றுப் பார்த்தபோது, அதைச் சுற்றி மெல்லிய சுடர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஆவியாகிற பொருளுக்குச் சுடர் எதற்கு? அந்தக் கேள்வி சூடாக இருந்த நேரத்தில்தான் லெ பிளாங்க்கும் மையாரும் உலைக்கு வந்தார்கள்.

மையாரின் குழாய் கொடுத்த குறிப்பை லவாய்சியர் பிடித்துக்கொண்டார். கரிக்குள் இறுகப் புதைத்தால் பிழைக்கிறது, காற்று பட்டால் அழிகிறது. அப்படியானால் இது ஆவியாதல் இல்லை. 1772-இல் அவரும் கூட்டாளிகளும் பெரிய எரிவில்லைகளைக் கொண்டு, மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் வைரத்தைச் சூடாக்கி, உள்ளே சேர்ந்த காற்றைச் சோதித்தார்கள். தெளிந்த சுண்ணாம்பு நீர் அதில் பால்போலக் கலங்கியது. கரி எரிந்தாலும் அப்படித்தான் கலங்கும். வைரமும் கரியும் ஒன்றே என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இரண்டுக்கும் உறவுண்டு என்பதோடு நின்றுகொண்டார். 1794-இல் புரட்சி அவர் தலையை வாங்கியது.

மீதியை 1797-இல் லண்டனில் ஸ்மித்சன் டெனண்ட் முடித்தார். தங்கக் குழாய்க்குள் வெடியுப்போடு வைரத்தை எரித்து, வெளிவந்த வாயுவை அளந்தார். அதே எடைக் கரி எவ்வளவு வாயுவைத் தருமோ, வைரமும் அவ்வளவே தந்தது. வேறெதுவும் கலக்காத சுத்தமான கார்பன். தமிழில் மரத்தின் நடுக்கட்டைக்கும் வைரம் என்றே பேர். வைரம் பாய்ந்த கட்டையும் கோல்கொண்டா வைரமும் நெருப்புக்குள் போனால் ஒரே வாயுவாகத்தான் வெளியே வரும் என்பதை டெனண்டின் தராசு காட்டியது.

இரண்டு ஆண்டு கழித்து பிரான்சில் குய்தோன் தெ மோர்வோவும் குளுவேயும் வைரத்தைத் தேனிரும்பு மூசைக்குள் வைத்துச் சுட்டார்கள். இரும்பு எஃகாக மாறியிருந்தது, வைரம் அதற்குள் கரைந்துபோயிருந்தது. காற்றைத் தவிர இரும்பும் வைரத்தைத் தின்னும் என்று அன்று தெரிந்தது. பின்னாளில் கருவித் தொழிலை ஆட்டிப்படைக்கப்போகும் தலைவலி இது.

1814 மார்ச்சில் ஹம்ப்ரி டேவி ஃபுளோரன்ஸுக்கு வந்தார். கூடவே உதவியாளராக 22 வயது மைக்கேல் ஃபாரடே. பிரான்சும் இங்கிலாந்தும் போரிலிருந்த காலம், நெப்போலியன் அளித்த தனி அனுமதியோடு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மெடிச்சி காலத்து அதே வில்லையை வெளியே எடுத்து, ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் கோளத்துக்குள் பிளாட்டினத் தாங்கியில் வைரத்தை வைத்தார்கள். ஒளி குவிந்து பற்றிக்கொண்ட பிறகு குவியத்தை விட்டு நகர்த்தியும் வைரம் தானாகவே எரிந்தது. சாதாரணக் காற்றில் அப்படித் தொடர்ந்து எரியாது. நகைப் பட்டறைகளுக்கு அந்த வேறுபாடுதான் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது.

சாம்பல் இல்லாத பொருள்

அலுமினியப் பாத்திரம் காற்றில் கிடந்தால் அதன்மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானாகப் படிகிறது. மிக மெல்லியது, ஆனால் இறுக்கமானது. அடியிலுள்ள உலோகத்தைக் காற்று அண்டாமல் காக்கிறது. சிலிக்கனைச் சுட்டால் மணலின் உறவான சிலிக்கா படர்ந்து மூடிக்கொள்கிறது. இப்படிப் பல பொருள்கள் எரியத் தொடங்கும்போதே தமக்கு ஒரு சட்டையை நெய்துகொள்கின்றன.

வைரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எரிந்தால் கிடைப்பது கார்பன் டை ஆக்சைடு. உண்டான கணமே பறந்துபோகும். அடுத்த அணு வரிசை காற்றுக்கு நேரே திறந்து நிற்கும். உலகத்திலேயே கடினமான பொருள், எரிவதில் மட்டும் அடுப்புக்கரிக்குச் சொந்தக்காரன். காற்றில் 700 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வைரத்தின் பரப்பு அரிபடத் தொடங்குகிறது. சில முகங்களில் முக்கோணக் குழிகள் விழும். நகைக்கல்லாக இருந்தால் பளபளப்புப் போய் பால் பாய்ந்ததுபோல் வெளுக்கும். மறுபடி பட்டை தீட்டினால் தெளிவு வரும், எடை குறையும். காற்றே இல்லாத இடத்திலோ 1,500 டிகிரி தாண்டும்வரைகூட வைரம் பெரிதாக அசையாது. அதன் பிறகு பென்சில் முனையிலுள்ள கிராஃபைட்டாக மாறும்.

ஆக, சட்டையை யாராவது வெளியிலிருந்துதான் போட்டுவிட வேண்டும். முதலில் அதைச் செய்தவர்கள் நகைத் தொழிலாளர்கள்.

தங்க நகையில் பற்றவைப்புப் பொடி உருகும் சூடும் வைரம் அரிபடத் தொடங்கும் சூடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. புது நகை என்றால் கவலையில்லை, எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு கல்லைப் பதிக்கலாம். பழுது பார்க்க வரும் மோதிரத்தில் கல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்டுவது நடக்காத வேலை. அங்கேதான் ஹோம்பெர்க்கின் உப்பு வந்து சேர்ந்தது. போரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலக்கி, நகையை அதில் முக்கியெடுத்து நெருப்பைக் காட்டுவார்கள். பச்சைச் சுடராக ஆல்கஹால் எரிந்து அடங்கியதும், மோதிரத்தின் மேல் வெள்ளைப் பொடியாக ஒரு படலம் நிற்கும். ஊதுகுழல் சூடு ஏற ஏற அந்தப் பொடி இளகிக் கண்ணாடியாக வழிந்து, கல்லையும் தங்கத்தையும் சேர்த்து மூடும். அந்தக் கண்ணாடி போரான் ஆக்சைடு, 450 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். வைரம் அரிபடுவதற்கு வெகு முன்னரே சட்டை தயார். வேலை முடிந்ததும் புளிப்பு நீரில் போட்டால் கழன்றுவிடும்.

உலோகத்தின் மேல் கண்ணாடிபோல் படர்ந்து காற்றைத் தடுக்கும் இந்தக் குணம் தட்டார்களுக்குப் புதிதில்லை. பற்றவைக்கும் இடத்தில் வெங்காரம் தடவுவது காலங்காலமாக நடப்பதுதான். திபெத்திய ஏரிக்கரைகளில் சுரண்டியெடுத்த வெங்காரம் மலைப்பாதைகளைத் தாண்டி இந்தியாவுக்கும், வெனிஸ் வழியாக ஐரோப்பாவுக்கும் போன காலம் உண்டு. தங்கத்துக்காக வந்த மருந்து வைரத்துக்கும் வாய்த்தது.

இன்றைய பெரிய நகைத் தொழிற்கூடங்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கின்றன. மெழுகு அச்சிலேயே வைரங்களைப் பதித்துவிடுகிறார்கள். அதைச் சுற்றி வார்ப்பு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகை எரித்து வெளியேற்றி, அந்தக் குழிக்குள் தங்கத்தை ஊற்றுகிறார்கள். கல் தீக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காக்க மாவு கரைக்கும் நீரில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். வழக்கமாக 730 டிகிரி வரை போகும் சூளையை 630 டிகிரியை ஒட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். தார்சேயின் பீங்கான் உருண்டைக்கு 250 ஆண்டுகள் கழித்து ஒரு மறுபிறவி கிடைத்திருக்கிறது. இந்த முறை வைரம் உள்ளேயே இருக்கிறது.

கல்லிலிருந்து துகளுக்கு

மோதிரக் கல்லின் கவலை இவ்வளவுதான். துகளின் கவலை பெரிது. ஒரு கல்லை, அகலத்தில் பத்தில் ஒன்றாக இருக்கும் துகள்களாக உடைத்தால் மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். காற்று கடிக்க அவ்வளவு இடம். தொழிற்சாலை வைரத்தில் ஒரு காரட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள் இருப்பது சாதாரணம். சாணைச் சக்கரங்களுக்கான மாவு இன்னும் பல மடங்கு நுண்ணியது. பெரிய கல் தாங்கும் சூட்டில் மாவு கரைந்தே போய்விடும்.

1860-களின் தொடக்கத்தில் ரோடோல்ஃப் லெஷோ என்பவர், பிரேசிலின் பஹியாவில் கிடைத்த கார்பனாடோ என்னும் கறுப்பு வைரங்களை எஃகு வளையத்தில் கையால் பதித்துப் பாறை துளைத்தார். கையால் பதித்த வைரத்துக்குத் தீ பயம் இல்லை. வைரத்தைத் தூளாக்கி உலோகத்தோடு சேர்த்துச் சுடத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. அதற்குத் தூண்டுகோல் 1926-இல் ஜெர்மனியின் குருப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த டங்ஸ்டன் கார்பைடு. 'வைரம்போல' என்ற ஜெர்மன் சொற்களைச் சுருக்கி அதற்கு 'விடியா' என்று பெயர் வைத்தார்கள். அதைத் தீட்ட வைரத்தால்தான் முடிந்தது. வைரச் சாணைச் சக்கரத்துக்குத் தேவை பெருகியது.

1954 டிசம்பர் 16-ஆம் தேதி அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் செய்தார். சுவீடனின் ASEA நிறுவனம் 1953-லேயே அதைச் செய்துவிட்டிருந்தும் வெளியில் சொல்லவில்லை. அதன் பிறகு வைரத்துகள் மூட்டை மூட்டையாக விற்கும் சரக்காகியது. இன்று வீட்டில் டைல்ஸ் வெட்ட வரும் தொழிலாளியின் பிளேடு விளிம்பில் மினுங்குவது அந்தத் துகள்தான்.

அந்த விளிம்புத் துண்டுகளைச் செய்யும் முறையைப் பார்த்தால் மையார் நினைவுக்கு வருவார். கோபால்ட், இரும்பு, வெண்கலப் பொடிகளோடு வைரத்துகளைக் கலந்து, கிராஃபைட் அச்சுக்குள் அடைத்து, அழுத்திக்கொண்டே மின்சாரத்தால் 800, 900 டிகிரிக்குச் சுடுகிறார்கள். கிராஃபைட் முதலில் எரிந்து, அக்கம்பக்கத்து ஆக்சிஜனைத் தான் விழுங்கிக்கொள்கிறது. கரித்தூள் அடைத்த புகையிலைக் குழாய் செய்ததும் இதையேதான். வைரத்துக்குப் பதிலாக அதன் ஏழைச் சகோதரன் எரிகிறான்.

ஆனால் கரி வெளிக்காற்றைத்தான் தடுக்கும். உள்ளேயே இருக்கும் இரும்பையும் கோபால்ட்டையும் என்ன செய்வது? குளுவேயின் மூசையில் நடந்தது ஒவ்வொரு துகளின் தோலிலும் நடக்கிறது. சூட்டில் இந்த உலோகங்கள் வைரத்தைக் கிராஃபைட்டாக மாறத் தூண்டுகின்றன. அதனால் துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சட்டை தேவைப்பட்டது.

தோலோடு ஒட்டிய பீங்கான்

1960-களில் முதலில் வந்தது நிக்கல் பூச்சு. பிசின் சக்கரங்களுக்கான அந்தத் துகள்களில் எடையில் பாதிக்கு மேல் நிக்கலே இருந்தது. துகள் பிசினிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகாமல் பிடித்துவைக்கவும் உரசும் சூட்டைப் பரப்பவும் அது உதவியது. தீயைத் தடுப்பது அதன் முதல் வேலை இல்லை. நிக்கல் வைரத்தோடு வேதியியல் முறையில் ஒட்டுவதும் இல்லை, உறைபோலச் சுற்றி நிற்கும், அவ்வளவே.

ஒட்டுகிறவை வேறு. டைட்டானியம், குரோமியம், சிலிக்கன் போன்றவை சூட்டில் வைரத்தின் மேல்தோலிலுள்ள கார்பனோடு கைகோத்துக் கார்பைடு ஆகின்றன. கார்பைடு என்பது பீங்கான் இனத்தைச் சேர்ந்தது. வைரம் தன் தோலில் கொஞ்சத்தைக் கொடுத்து அந்தப் பீங்கானை உண்டாக்குவதால், எங்கே வைரம் முடிகிறது, எங்கே பூச்சு தொடங்குகிறது என்று பிரிப்பது கடினம். பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். மனித முடியின் கனத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும் ரம்பங்களுக்கான துகளில் டைட்டானியம் பூசுவது இன்று வழக்கமாகிவிட்டது.

சிலிக்கன் கார்பைடின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்சேசன், செயற்கை வைரம் செய்யப்போகிறோம் என்று களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சுட்டார். கிடைத்தவை வைரம் இல்லை, மினுங்கும் கடினமான வேறு படிகங்கள். 'கார்போரண்டம்' என்று பெயரிட்டு அரைக்கும் பொடியாக விற்றார். வைரமாக ஆசைப்பட்டு ஆகமுடியாமல் போன அந்தப் பொருள், வைரத்துக்கே நல்ல சட்டையாக வாய்த்தது. காரணம், அது சுடும்போது மேலே சிலிக்காவை உண்டாக்கிக்கொள்கிறது. வைரத்துக்கு இல்லாத கொடுப்பினை அதற்கு உண்டு. அதைப் பூசினால் வைரம் அந்தக் குணத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. வைரப் படிகத்துக்குள்ளேயே போரான் அணுக்களைக் கலந்து வளர்த்தாலும் கொஞ்சம் இப்படி நடக்கும். சூடாகும்போது பரப்பில் போரான் ஆக்சைடு சேர்ந்து எரிதலைத் தாமதப்படுத்துகிறது. தட்டார் முக்கியெடுக்கும் அதே கண்ணாடி, இங்கே கல்லுக்குள்ளிருந்தே கசிகிறது.

கண்ணாடிப் பிணைப்பில் செய்யும் சாணைச் சக்கரங்களைத்தான் இன்னும் கவனமாகச் சுட வேண்டும். வைரத்துகளைப் பீங்கான் மாவோடு கலந்து சூளையில் வேகவைத்தால்தான் அந்தச் சக்கரம் இறுகும். துகளுக்கோ அந்தச் சூடு ஆகாது. குறைந்த சூட்டில் உருகும் போரான் கலந்த கண்ணாடியை எடுத்துக்கொள்வது ஒரு வழி, சூளைக்குள் நைட்ரஜனை நிரப்புவது இன்னொரு வழி. மூன்றாவதாக, அலுமினா, சிலிக்கா, டைட்டானியா போன்ற ஆக்சைடுகளைக் கஞ்சிபோலக் கரைத்து, துகளை அதில் புரட்டி உலர்த்திச் சுட்டு மெல்லிய படலமாக ஏற்றும் முறையையும் ஆய்வகங்கள் செய்துபார்த்திருக்கின்றன.

படலம் ஏற்றுவது பாதி வேலைதான். வைரம் சூட்டில் விரிவது மிகக் குறைவு, அலுமினா அதைவிடப் பல மடங்கு விரியும். உலையிலிருந்து வெளியே எடுத்து ஆறும்போது உடம்பு சுருங்காமல் சட்டை மட்டும் சுருங்கும், தையல் விடும். முடியிழையளவு விரிசல் போதும், காற்று நுழைந்துவிடும். தார்சேயின் உருண்டைக்கு நேர்ந்ததே ஒரு மைக்ரான் அளவிலும் நேர்கிறது. அதனால்தான் பூச்சை மெல்லியதாக வைக்கிறார்கள், வைரத்தை ஒட்டிக் கார்பைடும் அதன்மேல் ஆக்சைடுமாக அடுக்குகிறார்கள், விரிசலில் தானே வழிந்து அடைக்கும் போரான் கண்ணாடியைச் சேர்க்கிறார்கள்.

இப்படிப் பூசிய துகள் தேறியதா என்று பார்க்க ஆய்வகத்தில் ஒரு கருவி இருக்கிறது. சிறு உலைக்குள் தொங்கும் தராசுத் தட்டு அது. ஒரு சிட்டிகை வைரத்துகளை அதில் இட்டு, காற்றைச் செலுத்திக்கொண்டே நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று சூட்டை ஏற்றுகிறார்கள். பூச்சில்லாத துகளின் எடைக்கோடு திரையில் நேராக ஓடி, 700 டிகிரிப் பக்கம் தலைகுனிந்து, பிறகு சரசரவென்று இறங்கும். பூசிய துகளின் கோடு இன்னும் கொஞ்ச தூரம் நேராகவே போகும். எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் பூச்சின் மதிப்பெண். சோதனை முடிந்து தட்டை வெளியே எடுத்தால், சில சமயம் அதில் வெற்றுப் பூச்சுகள் மட்டும் கிடக்கும். உள்ளே வைரம் இருந்த வடிவம் அப்படியே இருக்க, துகள் மட்டும் காற்றோடு போயிருக்கும்.